வந்த பணமும் வந்ததாகத் தெரிகிற பணமும்

பழைய மோட்டாரையோ காரையோ இணையத்தில் விளம்பரம் செய்து விற்க நினைக்கிறவர்களுக்கு, வேறெந்த யோசனையும் சொல்வதற்கு முன்னால், ஒரே ஒரு லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன்: வண்டியை வந்து பாராமல், ஒரு வார்த்தை பேரம் பேசாமல், கேட்ட விலைக்கே சரியென்று ஒருவர் அரை மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்வாரானால், அவரிடம் மிகுந்த ஜாக்கிரதையாக இருங்கள். நம் கெடா மாநிலத்தில், அலோர் ஸ்டாரிலிருந்து கூலிம் வரை, பழைய வண்டி வாங்க வருகிற மனிதரின் சுபாவம் நமக்குத் தெரியாததா? வந்தவுடன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, ஒன்றும் புரியாவிட்டாலும் உள்ளே உற்றுப் பார்ப்பார். 'எண்ணெய் குடிக்கும் போலிருக்கே அண்ணே' என்று ஒரு குறை சொல்வார். கதவோரத்தில் துருப்பிடித்த இடத்தை விரலால் சுரண்டிக் காட்டி ஐந்நூறு வெள்ளியைக் குறைக்கப் பார்ப்பார். விற்கிறவனுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் வாங்குகிறவன் வண்டியைச் சோதிக்கிற அந்த நேரத்திலேயே விற்கிறவன் வாங்குகிறவனைச் சோதித்து முடித்துவிடுகிறான் என்பது அந்த வியவகாரத்தில் யாரும் வெளியே சொல்லாத சௌகரியம்.

என் தந்தையார் பீடோங் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் கிராணியாக இருந்தவர். அந்த நாளில் லயத்திலிருக்கும் ஒருவர் தம் சைக்கிளையோ, பிற்காலத்தில் ஹோண்டா கப்சாயையோ விற்பதென்றால், அது சம்பளநாளில், ஆபீசு வாசலிலோ தோட்டத்துக் கடை முன்னாலோ, நாலு பேர் பார்க்க நடக்கிற காரியமாக இருந்தது. வாங்குகிறவன் எந்த லயத்தில் எத்தனையாவது வீட்டில் இருக்கிறான் என்பது மட்டுமல்ல, அந்த மாதம் எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தான், கடையில் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறான் என்பதுகூட விற்கிறவனுக்குத் தெரியும். தவணைக்குக் கொடுத்தாலும், தண்டல் ஒருவர் பக்கத்தில் நின்றால் அதுவே பத்திரம். ஏமாற்றுக்காரர்கள் அப்போதும் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பொன்னுலகமாகச் சித்திரிக்கிற கூட்டத்தில் நான் சேரவில்லை. ஆனால் ஏமாற்றியவனும் மறுநாள் விடியற்காலையில் அதே பெரட்டுக்களத்தில் வந்து நின்றாகவேண்டும் என்ற ஒரு நிர்ப்பந்தம் இருந்தது.

தோட்டங்கள் சில துண்டாடப்பட்டும், சில செம்பனைக்கு மாறியும், சில வீடமைப்புப் பகுதிகளாகியும் போன பிறகு, அந்த லயத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் ஆலைகளுக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போகிறார்கள். தாமான்களில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறார்கள். வண்டி விற்க வேண்டுமென்றால் கைப்பேசியில் படம் பிடித்து முடா தளத்திலோ பேஸ்புக் சந்தையிலோ போட்டுவிடுகிறார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தோட்டத்துக் கடை முன்னால் பத்துப் பேர் பார்த்த வண்டியை இன்று பெர்லிஸ் முதல் ஜொகூர் வரை பல்லாயிரம் பேர் பார்க்கிறார்கள். நல்ல விலை கிடைக்கிறது. போனது எதுவென்றால் சாட்சி. முகம் தெரியாத ஒருவன், ஊர் தெரியாத ஓரிடத்திலிருந்து, 'பணம் போட்டுவிட்டேன்' என்று சொல்லுகிறபோது, அதை நம்புவதற்கு நம்மிடம் இருப்பது கைப்பேசித் திரையில் தெரிகிற சில எண்களும் எழுத்துகளுந்தான்.

நான் பல ஆண்டுகள் வங்கி முகப்பில் உட்கார்ந்து பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்தும் வாங்கியும் ஓய்வு பெற்றவன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. வண்டி விற்பனையில் நடக்கிற மோசடிகளின் உருவங்கள் எத்தனை விதமாக இருந்தாலும், அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஓர் இடைவெளிக்குள்ளேதான் குடியிருக்கின்றன: பணம் வந்ததாகத் தெரிகிற வேளைக்கும், பணம் மெய்யாகவே வந்து சேருகிற வேளைக்கும் நடுவிலுள்ள இடைவெளி. அந்த நேரத்துக்குள் உங்கள் கையிலிருந்து சாவியையோ, கிராண்டையோ, மிச்சப் பணம் என்ற பெயரில் உங்கள் சொந்தப் பணத்தையோ வாங்கிவிட வேண்டும்; அவ்வளவுதான் அவனுடைய தந்திரம் முழுவதும்.

இது நம் முன்னோர் அறியாத நுட்பமுமல்ல. பினாங்கு வீதியின் கிட்டங்கிகளில் இருந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பர்மா முதல் மலாயா வரை உண்டியலிலேயே பணத்தை நடமாடவிட்டவர்கள். கண்டவுடன் பணம் தரவேண்டிய தரிசன உண்டியல் வேறு, குறித்த நாள் கழிந்தபின் தரவேண்டிய தவணை உண்டியல் வேறு என்ற பேதம் அவர்களுடைய தொழிலின் அரிச்சுவடி. உண்டியல் கைக்கு வந்ததாலேயே பணம் வந்துவிட்டதென்று எந்தப் பெட்டியடிப் பையனும் கருதியிருக்க மாட்டான். அந்த விவேகம், நம்முடைய கைப்பேசிச் செயலி ஒரு பச்சை நிறக் குறியைக் காட்டியவுடன் நம்மைவிட்டு எங்கே போய்விடுகிறது என்பதுதான் எனக்கு விளங்காத விஷயம்.

காசோலையிலிருந்து தொடங்குகிறேன். காசோலை வழக்கொழிந்துவருகிறதே என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். வழக்கொழிந்துவருவதனாலேயே அது எப்படி வேலை செய்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாததுதான் மோசக்காரனுக்கு முதல். பாடாங் செராயில் இருக்கும் என் சகோதரியின் மகன் தன்னுடைய மைவி காரைப் பதினெட்டாயிரம் வெள்ளிக்கு விளம்பரம் செய்திருந்தான். சரவாக் கடலில் எண்ணெய்த் துரப்பண மேடையில் பொறியியலாளராக இருப்பதாகச் சொன்ன ஒருவர், காரைப் பார்க்க நேரமில்லை, மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு, விலை சம்மதம் என்று எழுதினார். ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மேல் கிள்ளானில் உள்ள ஓர் இயந்திரத்தில் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு வெள்ளிக்குக் காசோலை போடப்பட்டு, அதன் சீட்டு படமாக வந்து சேர்ந்தது. அதிகப்படியான ஆயிரத்து ஐந்நூறு, மறுநாள் காலை காரை ஏற்றிப்போக வரும் லாரிக்காரருக்கு. அவருடைய கணக்கு எண் இது. தயவுசெய்து இன்றிரவே அனுப்பிவிடுங்கள். பையன் நல்ல வேளையாக அனுப்புவதற்கு முன்னால் என்னை அழைத்தான்.

"மாமா, காசு ஏறிடுச்சு. ஆப்புல தெரியுது."

"எந்த வரியில தெரியுது மாப்ளே? ரெண்டு வரி இருக்கும் பாரு."

"மேல உள்ளதுல பெரிசா தெரியுது. கீழ..." சற்று நேரம் பேச்சில்லை. "கீழ என் பழைய காசுதான் மாமா இருக்கு."

"அந்தக் கீழ் வரிதான் உன் காசு. மேல இருக்கறது இன்னும் அவன் காசு."

"அப்ப நாளைக்குக் காலையில லாரி வந்தா?"

"வரட்டும். வெயில்ல வந்திருப்பாரு, தே தாரிக் வாங்கிக் கொடு. சாவியைக் கொடுத்திடாதே."

நடப்பு இருப்பு, எடுக்கக்கூடிய இருப்பு என்று வங்கிகள் இரண்டாகக் காட்டுவதன் தாத்பரியம் இதுதான். காசோலை போட்டவுடன், இன்ன தொகைக்கு ஒரு காகிதம் வந்திருக்கிறது என்று மட்டும் நடப்பு இருப்பில் சில வங்கிகள் குறித்துக்கொள்கின்றன. அந்தக் காகிதத்தை எழுதியவனின் வங்கி அதை ஏற்றுக்கொண்ட பிறகே அது எடுக்கக்கூடிய பணமாகிறது. சாதாரணமாக அதற்கு அடுத்த வேலைநாள் ஆகும். இங்கேதான் கெடாக்காரர்களாகிய நமக்கு ஒரு விசேஷமான தொல்லை இருக்கிறது. நமக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. கோலாலம்பூருக்கும் சிலாங்கூருக்கும் பினாங்குக்கும் சனியும் ஞாயிறும் விடுமுறை. வியாழன் மாலை நேரங்கடந்து போட்ட காசோலையைப் பற்றி வெள்ளிக்கிழமை விசாரிக்க நம் ஊரில் வங்கி திறந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை நம் கிளை திறந்திருக்கும், ஆனால் பதில் சொல்லவேண்டிய தலைநகரம் தூங்கிக்கொண்டிருக்கும். வியாழன் மாலை தொடங்கித் திங்கள்வரை நீளுகிற இந்த மௌனத்தை அந்த ஆசாமி தெரிந்து தேர்ந்தானோ, தற்செயலோ, யார் கண்டார்கள்! லாரி வெள்ளிக்கிழமை காலை வரவில்லை. ஆயிரத்து ஐந்நூறு வந்தாலன்றி வராத லாரி போலும். திங்கட்கிழமை காசோலை திரும்பியது. மைவி இன்னும் ஒரு மாதம் பாடாங் செராயில் நின்று, டயரைத் தட்டிப் பார்த்து எண்ணூறு வெள்ளி குறைத்த ஒரு லூனாஸ்வாசிக்குப் போயிற்று.

காசோலையின் இடத்தில் இப்போது அதிகம் வருவது மின்பரிமாற்றச் சீட்டின் படம். உங்கள் பெயர், கணக்கு எண், தொகை, தேதி, வங்கியின் முத்திரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஏனென்றால் அது ஒரு படந்தான், படத்தில் எதையும் எழுதலாம். சிலர் உண்மையான சீட்டையே அனுப்புவார்கள், ஆனால் அது பின்தேதியிட்டதாகவோ, இன்னும் நிறைவேறாததாகவோ இருக்கும். 2018-இன் இறுதியில் டியூட்நவ் வந்த பிறகு, அதன் வழியாக அனுப்பும் பணம் சில விநாடிகளில் வந்து சேர்ந்துவிடுகிறது. பழைய ஜைரோ முறையிலோ, அனுப்பிய நேரத்தைப் பொறுத்து அன்றே வரலாம், அடுத்த வேலைநாளும் ஆகலாம். ஆகையால், 'ஜைரோவில் போட்டிருக்கிறேன், நாளை ஏறும், வண்டியை இப்போதே கொண்டுபோகிறேன்' என்கிற மனிதரிடம், 'அப்படியானால் நாளை வந்து கொண்டுபோங்கள்' என்பதே மரியாதையான பதில். யோக்கியருக்கு அதில் வருத்தம் வராது. சீட்டைப் பார்ப்பது, குறுஞ்செய்தியைப் பார்ப்பது, அவருடைய கைப்பேசியில் காட்டுவதைப் பார்ப்பது இவையொன்றும் பிரமாணமல்ல. நீங்களாகவே உங்கள் செயலியைத் திறந்து, உங்கள் கணக்கில், எடுக்கக்கூடிய இருப்பில், அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று காண்பதொன்றே பிரத்தியட்சப் பிரமாணம்.

இன்னொரு வகையில் பணம் வருவதற்காக உங்களிடமே ஏதாவது கேட்பார்கள். 'இந்தச் சுட்டியைத் திறந்து உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுங்கள், பணம் ஏறிவிடும்' என்பார்கள். திறந்தால் உங்கள் வங்கியின் பக்கத்தை அச்சடித்தாற்போல ஒரு பக்கம் வந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அல்லது ஏதோ ஒரு செயலியை வெளியிலிருந்து பதிவிறக்கச் சொல்வார்கள். அது உங்கள் கைப்பேசிக்கு வருகிற குறுஞ்செய்திகளை உங்களுக்கு முன்பே வாசித்துவிடும். தமிழ்நாட்டிலும் இந்தியாவின் மற்றப் பகுதிகளிலும், ராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு அடையாள அட்டையின் படத்தை அனுப்பி, 'இந்தக் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் பணம் வரும்' என்று நம்பவைத்து, விற்கிறவரின் கணக்கிலிருந்தே பணத்தை உருவுகிற வித்தை ஓஎல்எக்ஸ் விளம்பரங்களைச் சுற்றிப் பிரசித்தம். ஊர் வேறானாலும் ஏமாற்றின் ஆதாரம் ஒன்றுதான். பணம் கொடுப்பதற்குக் கடவுச்சொல் வேண்டும். வாங்குவதற்குக் கணக்கு எண்ணோ, டியூட்நவ்வில் பதிந்த கைப்பேசி எண்ணோ போதும். நம் தேசிய வங்கியாகிய பேங்க் நெகாரா, குறுஞ்செய்தியில் வருகிற ஒருமுறைக் குறியீட்டை விட்டுவிலகும்படி 2022 செப்டம்பரில் வங்கிகளைப் பணித்ததும், பரிமாற்ற உறுதிப்பாட்டை ஒரே கருவிக்குள் அடக்கச் சொன்னதும் இந்தத் திருட்டை உத்தேசித்தே. வங்கி பூட்டை எத்தனை கெட்டியாக்கினாலும் சாவியை நாமே நீட்டினால் அது என்ன செய்யும்?

இனி நான் சொல்லப்போவது, என் அபிப்பிராயத்தில், எல்லாவற்றிலும் மிகச் சூழ்ச்சியானது. இதில் விற்கிறவரும் யோக்கியர், வாங்குகிறவரும் யோக்கியர், இருவரும் நேரிலே சந்தித்தும்கொள்கிறார்கள், ஆனாலும் மோசம் நடந்துவிடுகிறது. நீங்கள் உங்கள் யமஹா ஒய் 15-ஐ ஆறாயிரம் வெள்ளிக்கு விளம்பரம் செய்கிறீர்கள். ஒருவன் உங்களை அழைத்து, விலைக்குச் சம்மதித்து, 'என் மைத்துனர் வந்து வண்டியைப் பார்ப்பார். நான் அவருக்குப் பணம் தரவேண்டியிருக்கிறது, அந்தக் கணக்கு எங்களுக்குள். அவரிடம் விலையைப் பற்றி மட்டும் பேசிவிடாதீர்கள்' என்கிறான். அதே சமயத்தில் உங்கள் விளம்பரத்தின் படங்களை அப்படியே எடுத்து, நாலாயிரத்து ஐந்நூறுக்குத் தன் பெயரில் ஒரு விளம்பரம் போட்டு, அதைப் பார்த்துத் துடித்து வருகிற ஓர் அப்பாவியிடம், 'வண்டி என் மாமா வீட்டில் சுங்கை பட்டாணியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள், அவர் வயதானவர், விலையைப் பற்றி அவரிடம் பேசினால் விற்கவேண்டாமென்று முரண்டுபிடிப்பார்' என்கிறான். அந்த அப்பாவி உங்கள் வீட்டுக்கு வந்து, மோட்டாரை முடுக்கிப் பார்த்து, திருப்தியாகி, வாசலிலே நின்றபடியே அவன் கொடுத்த கணக்குக்கு நாலாயிரத்து ஐந்நூறை அனுப்பிவிட்டு, உங்களிடம் சாவிக்குக் கை நீட்டுகிறார். உங்களுக்கு ஒரு காசும் வரவில்லை. அவர் கொடுத்துவிட்டேன் என்கிறார், நீங்கள் வரவில்லை என்கிறீர்கள். அரைமணி நேரத்தில் அக்கம்பக்கத்தார் கூடுகிறார்கள். ஒருவரையொருவர் திருடன் என்று பழிக்கிறார்கள். நடுவிலிருந்த உண்மைத் திருடனின் தொலைபேசி அதற்குள் அடங்கிவிடுகிறது.

'விலையைப் பற்றிப் பேசாதீர்கள்' என்ற அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்தக் கட்டடம் முழுவதும் நிற்கிறது. வாசலில் நிற்கிற மனிதரைப் பார்த்து, 'நீங்கள் என்ன விலைக்கு வாங்குகிறீர்கள்? பணத்தை யார் கணக்கில் போடப்போகிறீர்கள்? உங்களோடு பேசியவர் உங்களுக்கு என்ன உறவு?' என்று மூன்று கேள்வி கேட்டால் போதும், அது பொலபொலவென்று உதிர்ந்துவிடும். பேரத்தை ஒரு சில்லறைப் புத்தியாக நினைத்து வெட்கப்படுகிற படித்தவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். டயரைத் தட்டுகிற அந்த லூனாஸ்காரரிடம் யாரும் இந்த வித்தையைக் காட்டியிருக்க முடியாது, ஏனென்றால் அவரை விலை பேசாமல் இருக்கச் சொல்ல மனித சக்தியால் இயலாது!

இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. சில சமயம் பணம் மெய்யாகவே உங்கள் கணக்குக்கு வந்துவிடும், ஆனால் அனுப்பியவர் பெயர் உங்கள் எதிரில் நிற்பவரின் பெயராக இராது. வேறெங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணத்தை நேராக உங்கள் கணக்குக்கே அனுப்பச் செய்து, உங்கள் வண்டியை மோசக்காரன் ஓட்டிப்போவான். பிறகு அந்த ஏமாந்தவர் போலீசில் புகார் கொடுப்பார். விசாரணையில் முதலில் தென்படுவது உங்கள் கணக்கு. அது முடக்கப்பட்டால் உங்கள் சம்பளம், பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் அதற்குள்ளே அகப்பட்டுக்கொள்ளும். ஆகையால் வாங்குகிறவரின் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பணம் அனுப்புகிற கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போலீஸ் வர்த்தகக் குற்றப் புலனாய்வுத் துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டால், அவற்றின் மீது புகார்கள் வந்திருக்கின்றனவா என்று காட்டும். அதில் ஒன்றும் காணாதது நற்சான்றிதழ் ஆகிவிடாது. நேற்றுத் திறந்த கணக்கின் மேல் இன்று யார் புகார் கொடுத்திருப்பார்கள்? ஆயினும் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்கூடப் பிடிக்காது.

அந்தக் கணக்குகள் யாருடையவை என்று விசாரித்தால் மனம் கசக்கிறது. சில நூறு வெள்ளிக்கு ஆசைப்பட்டோ, கடன் தொல்லையிலோ, 'வேலைக்கு வேண்டும்' என்று எவனோ கேட்டதை நம்பியோ, தம் ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் கொடுத்துவிடுகிற நம் இளைஞர்களும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். கணக்கை இரவல் கொடுப்பதையே தனிக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டத்தில் 2024-இல் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுவிட்டன. எனக்குத் தெரியாது என்பது இனிச் சுலபமாகச் செல்லாது. திருமணத்திலும் திருவிழாவிலும் பேசக் கிடைக்கிற மேடைகளில் நம் தலைவர்கள் ஐந்து நிமிஷம் இதைப் பற்றிப் பேசினால், மாலை மரியாதைகளுக்கு ஆகிற நேரத்தில் கொஞ்சம் பிரயோஜனம் உண்டாகும்.

சரி, விற்பதுதான் எப்படி? நான் என்னுடைய பழைய சாகாவை விற்றபோது அனுசரித்த கிரமத்தைச் சொல்கிறேன். விளம்பரத்தில் காரின் படம் மட்டும். கிராண்டின் படமோ அடையாள அட்டையின் படமோ கிடையாது. பார்க்க வருகிறவரைப் பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு வரச் சொன்னேன். ஓட்டிப் பார்க்கக் கேட்டவரோடு பக்கத்து இருக்கையில் நானும் உட்கார்ந்தேன். மோட்டாரானால் இது கடினம். பலர், வந்தவருடைய மோட்டாரைப் பிணையாக நிறுத்திக்கொண்டு தங்களுடையதை ஓட்டக் கொடுக்கிறார்கள். அவர் விட்டுப்போன மோட்டார் வேறொருவரிடம் இதே வகையில் வந்ததாக இருந்தால்? அதனால், ஓட்டுவதற்கு முன்னால் முழுத்தொகையையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அனுப்புகிற ஒரு கடைக்காரரின் முறையே எனக்குப் பிடித்திருக்கிறது.

விலை முடிந்தபின் புஸ்பாகோமில் உரிமை மாற்றத்துக்கான சோதனை. அது முடிந்தபின், ஞாயிறு முதல் வியாழன் வரையுள்ள ஒரு காலைப்பொழுதில், அவரும் நானும் சுங்கை பட்டாணியில் என்னுடைய வங்கிக்கே போனோம். ரொக்கமாகக் கொண்டுவருகிறவரானால் அந்த நோட்டுகளை முகப்பிலேயே என் கணக்கில் கட்டச் சொல்லலாம். கள்ள நோட்டுப் பயமும், அத்தனை பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிற பயமும் ஒருசேரத் தீர்ந்துவிடும். அவர் டியூட்நவ்வில் அனுப்பினார்; என் செயலியில் ஏறியதையும், அனுப்பியவர் பெயரையும் பார்த்துக்கொண்டேன். தினசரி வரம்பு போதவில்லை என்பதால் இரண்டு நாளில் பாதி பாதியாகத்தான் அனுப்பமுடியும் என்று சிலர் சொல்வார்கள், உண்மையாகவும் இருக்கலாம், அப்போது வண்டியும் இரண்டாம் நாள்தான் போகும். அதன்பிறகே ஜேபிஜே அலுவலகத்தில் கட்டைவிரல் ரேகை வைத்துப் பெயர் மாற்றம். ரேகை வைத்துத் திரும்பியபின் சாவி.

இந்த வரிசையைக் குலைக்கத்தான் எல்லோரும் பிரயத்தனப்படுவார்கள். 'பாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள், பெயரை நான் பிறகு மாற்றிக்கொள்கிறேன்' என்பவர் மோசக்காரர் என்றில்லை, வெறும் சோம்பேறியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் சோம்பியிருக்கும் காலமெல்லாம் வேகக் கேமராவின் சம்மன் உங்கள் பெயருக்கு வரும், அந்தக் காரில் ஏதேனும் அசம்பாவிதம் நடந்தால் போலீஸ் தேடிவருவதும் உங்களைத்தான். அடையாள அட்டையின் நகல் கேட்டால், அதன் குறுக்கே இரண்டு கோடிட்டு, இன்ன எண்ணுள்ள வாகனப் பெயர் மாற்றத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

வங்கிக் கடன் தீராத காரைப் பற்றி ஒரு வார்த்தை. 'சம்போங் பாயார்' என்று, மாதத் தவணையை இன்னொருவர் தொடர்ந்து கட்டுவதாக வாய்ப்பேச்சில் கைமாற்றிவிடுவது நம்மவர்களிடையே சர்வசாதாரணமாகிவிட்டது. முன்பணமாகச் சில ஆயிரம் வாங்கிக்கொண்டு காரைக் கொடுத்தபின், வாங்கியவர் மூன்று மாதம் கட்டி நான்காம் மாதம் நிறுத்திவிடுவார். வங்கியின் கடிதம் உங்களுக்கு வரும், கார் எங்கே இருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடன் தீரும்வரை அந்தக் கார் கடன் கொடுத்தவருக்கே சொந்தம். அவர் சம்மதமின்றி அதைக் கைமாற்றுவது உங்களைத்தான் குற்றவாளியாக்கும். வங்கியிடம் தீர்வுத்தொகைக் கடிதம் வாங்கி, வாங்குகிறவரின் பணத்தில் முதலில் அந்தக் கடனை நேராக வங்கியிலேயே அடைத்து, வங்கி தன் உரிமையை விட்டபின் பெயர் மாற்றுவதுதான் வழி. நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் கைமாறிப்போய்விட்டால், முதலில் ஜோசியரையோ அரசியல்வாதியையோ தேடி ஓடாமல், 997 என்ற எண்ணை அழையுங்கள். போலீஸ், பேங்க் நெகாரா, தொடர்புத்துறை ஆணையம் முதலியவை சேர்ந்து 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண் அது. உங்கள் வங்கியின் அவசர எண்ணுக்கும் அழைக்கலாம். ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து மூன்றாவதற்கும் பணம் தாவிக்கொண்டே போவதால், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் எங்கேனும் ஓரிடத்தில் தடுத்து நிறுத்த வழியுண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மூடிவைத்தால் அது போனதுதான். போலீஸ் புகாருக்குப் போகும்போது உரையாடல்களை அழிக்காமல், விளம்பரத்தின் படத்தையும் கணக்கு எண்ணையும் எடுத்துப் போங்கள். நம் ஆட்கள் பலர் அவமானத்தில் முதலில் செய்கிற காரியம் வாட்சாப்பிலிருந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவது.

வண்டி நல்லபடியாக விற்றுப்போனவர்களுக்கும் சில்லறை வேலைகள் சில பாக்கி இருக்கின்றன. விளம்பரத்தை எடுத்துவிடுங்கள், இல்லையேல் உங்கள் படங்களை வைத்து வேறெவனாவது வியாபாரம் தொடங்குவான். காப்புறுதியை ரத்து செய்து, கோரிக்கை செய்யாமல் நீங்கள் சேர்த்த தள்ளுபடியை, தனியார் காருக்கு அது 55 விழுக்காடு வரை போகும், அடுத்த காருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது வண்டியோடு போகிற ஆஸ்தியல்ல, உங்களோடு வருவது. விளக்கிலோ கண்ணாடியிலோ ஒட்டியிருக்கும் டச் அன் கோ ஒட்டுவில்லையை உங்கள் கணக்கிலிருந்து நீக்கிவிடுங்கள். என் நண்பர் ஒருவரின் பழைய கார் இப்போது ஈப்போவில் இருக்கிறது. அதன் புதிய சொந்தக்காரர் பண்டிகைக்குப் பண்டிகை ஜொகூர் போய்வந்த விவரம் முழுவதும், ஒவ்வொரு டோலின் பெயரோடும், என் நண்பருடைய கணக்கிலிருந்து கழிந்த தொகையோடும், மாதாமாதம் பிசகாமல் அவருக்கு வந்துகொண்டிருந்தது.